கையால் வரைந்த படங்கள்

1992இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், மாக்ஸ் ஹெட்ஸ்லர் காட்சிக்கூடத்தில், மார்ட்டின் கிப்பன்பெர்கர் தன் புதிய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் 'ஹேண்ட் பெயின்டட் பிக்சர்ஸ்'. ஜெர்மானியர், ஜெர்மனியில் வைத்த பெயர், ஆனால் ஆங்கிலத்தில். கையால் வரைந்த படங்கள். ஒரு பாடகர் தன் கச்சேரிக்கு 'வாயால் பாடிய பாட்டுகள்' என்று போஸ்டர் அடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? முதலில் சிரிப்பு வரும். பிறகு ஒரு சந்தேகம் வரும். அப்படியென்றால் இத்தனை நாள் யார் பாடிக்கொண்டிருந்தார்கள்?

கிப்பன்பெர்கர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் பெயரில் வந்தவற்றில் எது அவர் கை, எது உதவியாளர் கை, எது கூலிக்கு அமர்த்திய கை என்று பிரிப்பதே ஆய்வாளர்களுக்கு ஒரு வேலை. அப்படிப்பட்ட ஆள் திடீரென்று தூரிகையை எடுத்து, தன் முகத்தையும் தொப்பையையும் வரைந்து, 'இது நானே கையால் வரைந்தது' என்று சீட்டு ஒட்டுகிறார். கைத்தறிப் புடவையில் ஒட்டியிருக்குமே முத்திரை, அது மாதிரி.

இந்த இடத்தில் கலை விமர்சனத்தில் இரண்டு வாசிப்புகள் தயாராகக் கிடைக்கின்றன. ஒன்று, கோமாளி கடைசியில் வேஷத்தைக் கலைத்துவிட்டு உண்மையைப் பேசினான் என்பது. இன்னொன்று, இதுவும் அவன் ஜோக்குகளில் ஒன்று என்பது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதலாவது ரொம்ப இனிப்பு. இரண்டாவது, படங்களைப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடியது.

கிப்பன்பெர்கர் 1953இல் டார்ட்மண்டில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்க நிர்வாகி, அம்மா தோல் மருத்துவர். நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒரே பையன். கவனம் தன் மேல் இல்லாத அறையில் அவரால் பத்து நிமிஷம் இருக்க முடியாது என்பது அவரைப் பற்றிய எல்லாக் கதைகளிலும் வருகிறது. நடிகனாகும் ஆசையில் 1976இல் ஃபிளாரன்ஸ் போனார். நடிப்பு அமையவில்லை. பதிலுக்கு ஓவியம் வரைய ஆரம்பித்தார். போஸ்ட்கார்டுகள், செய்தித்தாள் படங்கள், தானே எடுத்த போட்டோக்கள் ஆகியவற்றைப் பார்த்து, எல்லாம் ஒரே அளவில், கறுப்பு வெள்ளையில். திட்டம் என்ன தெரியுமா? ஓவியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தன் உயரம் வரவேண்டும். ஆள் ஒரு மீட்டர் 89 சென்டிமீட்டர். அடுக்கு கொஞ்சம் குறைந்துபோனது.

எனக்கு அவருடைய முதல் தன்னுருவம் இந்த அடுக்குதான் என்று தோன்றுகிறது. அதில் முகம் கிடையாது, அளவுதான் உண்டு. 'நான்' என்பதை ஒரு எண்ணாக மாற்றி அந்த எண்ணை உற்பத்தியால் நிரப்பப் பார்ப்பது. மென்பொருள் நிறுவனங்களில் வேலையை வரிக்கணக்கில் அளந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும்.

1978இல் மேற்கு பெர்லின். அங்கே கிசெலா கேப்பிடைனோடு சேர்ந்து ஒரு 'அலுவலகம்' திறந்தார். 'கிப்பன்பெர்கரின் அலுவலகம்' என்றே பெயர். எஸ்ஓ36 என்ற பங்க் இசைக்கூடத்தின் நிர்வாகத்திலும் இருந்தார். அங்கே ஒருநாள் பங்க் இளைஞர்கள் அவரை அடித்து முகத்தைக் கிழித்தார்கள். பீர் விலையை ஏற்றிய கோபம் என்பார்கள். மூக்கும் கன்னமும் வீங்கி, தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டு மருத்துவமனையில் இருந்த முகத்தைப் போட்டோ எடுக்கவைத்தார். பிறகு அதையே ஓவியமாகவும் ஆக்கினார். தலைப்பு: 'இளைஞர்களோடு ஓர் உரையாடல்'. அடிவாங்கியதை யாராவது கேலி செய்வதற்குள் தானே முந்திக்கொள்வது. அவருடைய முழு வாழ்க்கைக்கும் இது ஒரு உத்தி.

அடுத்து நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1981. ஐரோப்பாவில் ஓவியம் திரும்பிவந்த வருஷம். லண்டன் ராயல் அகாடமியில் 'ஓவியத்தில் ஒரு புதிய உத்வேகம்' என்ற பெரிய கண்காட்சி. பெர்லினில் ரைனர் ஃபெட்டிங், சலோமே, மிடன்டார்ஃப் போன்றவர்கள் பெரிய பெரிய கான்வாஸ்களில் வண்ணத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். கையின் வேகம், உடலின் வெறி இதெல்லாம்தான் அன்றைக்கு விலைபோன சரக்கு. சரியாக அந்த வருஷம் பார்த்து கிப்பன்பெர்கர் ஒரு வரிசைக்குத் தூரிகையைத் தொடவே இல்லை. வெர்னர் என்ற பெயரில் இயங்கிய சினிமா விளம்பர ஓவியரிடம் போட்டோக்களைக் கொடுத்து 12 பெரிய ஓவியங்களை வரைந்து வாங்கினார். கண்காட்சியின் பெயர், 'அன்புள்ள ஓவியரே, எனக்கு வரைந்து கொடுங்கள்'.

அவற்றில் பலவற்றில் இருப்பது கிப்பன்பெர்கர்தான். நியூயார்க் தெருமுனையில் யாரோ தூக்கிப்போட்ட சோஃபாவில் கோட்டு சூட்டோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் நண்பரோடு தெருவில் நடக்கிறார், நாம் பார்ப்பது முதுகைத்தான். வெர்னரின் கை அபாரமானது. பளபளப்பும் நிழலும் துணியின் மடிப்பும் கச்சிதம். ஆனால் யாருடைய உணர்ச்சியும் அதில் ஏறவில்லை. இதைத் தன்னுருவ ஓவியம் என்று சொல்லலாமா? படத்தில் இருப்பது அவர், யோசனை அவருடையது, கையெழுத்தும் அவருடையது. கை மட்டும் இல்லை.

(நம்மூரில் இது தலைகீழாக நடந்தது. பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்துகொண்டிருந்த எம்.எஃப். ஹுசைன்தான் பிறகு நவீன ஓவியர் ஆனார். மவுண்ட் ரோட்டில் கட்-அவுட்டும் பேனரும் வரைந்தவர்கள் பேனர் மூலையில் தங்கள் கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டார்கள். படத்தின் டைரக்டர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன எழுத்தும் இருக்கும். வெர்னருக்கு அந்த மூலைகூடக் கிடைக்கவில்லை.)

இந்த 12 ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கிப்பன்பெர்கர் நிற்கிற இடத்திலிருந்தே எழுதுகிறார்கள். ஆசிரியன் என்ற கருத்தை உடைத்தார், மேதைமையைக் கேலி செய்தார் என்று. வாஸ்தவம். ஆனால் எனக்கு இந்தப் படங்களைப் பார்க்கும்போது மனசு வெர்னர் பக்கம்தான் போகிறது. அதற்கு என் தொழில் காரணம். நான் எழுதும் நிரல்களின் தேவைப் பட்டியல் வேறொரு நாட்டில் தயாராகிறது. எது வேண்டும், எப்படி வேண்டும் என்பதை அங்கே ஒருவர் முடிவு செய்கிறார். 'எப்படி வேண்டும்' என்பதில் அவர் சொல்லாமல் விட்ட நூறு இடங்கள் இருக்கும். அந்த நூறு இடங்களையும் முடிவு செய்கிறவன் நான். கடைசியில் அது அவருடைய பொருள். எங்களிடம் ஒரு வசதி உண்டு: எந்த வரியை யார் எழுதியது என்று கிட் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கட்டளை அடித்தால் போதும், பெயர் வந்து நிற்கும். ஓவியத்தில் அது கிடையாது. வண்ணத்தில் பெயர் தங்குவதில்லை.

இப்போது இயந்திரம் படம் வரைந்து தருகிற காலம் என்பதால், 'அன்புள்ள ஓவியரே' என்ற தலைப்பை முதல் பிராம்ப்ட் என்று சிலர் புளகாங்கிதப்படக்கூடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கும் வெர்னருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெர்னரின் இடத்தில் நிற்கும் ஆள் ஒருநாள் கோர்ட்டுக்குப் போவார். போனார். அதற்குப் பிறகு வருகிறேன்.

1988இல் கிப்பன்பெர்கர் ஸ்பெயின் போகிறார். செவில் அருகே கார்மோனா என்ற ஊர், கூட நண்பர் ஆல்பர்ட் ஓலன். குடி ஏறிவிட்டது, உடம்பு ஊதிவிட்டது. அங்கேதான் அவர் தன் கையால் தன்னை வரைய உட்கார்கிறார். பெரிய கான்வாஸ்களில், வெற்றுடம்போடு, தொப்புளுக்கு மேல் இழுத்துவிட்ட பெரிய வெள்ளை ஜட்டியோடு ஒரு மனிதன். பின்னணியில் டேவிட் டக்ளஸ் டங்கன் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது: வயதான பிக்காசோ வெறும் வெள்ளை ஜட்டியோடு, தன் வேட்டைநாயோடு நிற்பது. அந்த வயதிலும் அந்த உடம்பில் ஒரு காளையின் திமிர். கிப்பன்பெர்கருக்கு அப்போது 35 வயது. உடம்போ 60 வயதுக்காரனுடையது. பிக்காசோவின் அரைவாசி வயதில், அதே ஜட்டியில், பிக்காசோவின் திமிர் எதுவும் இல்லாமல் நிற்கிறார்.

இவை ஜோக் என்றே தொடங்கியிருக்கலாம். ஆனால் ஜோக்கை அவ்வளவு நேரம் வரைய முடியாது. இதை அனுபவப்பட்டுதான் சொல்லவேண்டும் என்றில்லை, யோசித்தாலே தெரியும். வெர்னரிடம் சொல்லி வரைந்து வாங்கினால் நகைச்சுவை நகைச்சுவையாகவே தங்கும். சொல்ல ஐந்து நிமிஷம், பணம் கொடுக்க ஒரு நிமிஷம். ஆனால் நீங்களே வரைந்தால், உங்கள் வயிற்றின் வளைவை நீங்களே கோடாக இழுக்க வேண்டும். எவ்வளவு தொங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும். சதைக்கு எந்த நிறம் என்று கலந்து பார்க்க வேண்டும். அதைத் திருத்த வேண்டும். மணிக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஜோக் எங்கோ ஒரு இடத்தில் செத்துப்போகிறது. உடம்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. கார்மோனா படங்களில் நான் பார்ப்பது அந்த மிச்சத்தை.

கையால் வரைவது உண்மையானது, இயந்திரமோ கூலிக் கையோ வரைந்தால் போலி என்று நான் சொல்லவரவில்லை. அந்த வாதம் எனக்குச் சலிப்பு. கையால் வரைந்த பொய்கள் உலகத்தில் ஏராளம். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். கை மெதுவானது. அந்த மெதுவில், செய்கிறவனுக்கு ஏதோ ஒன்று நடந்துவிட வாய்ப்பு இருக்கிறது. உத்தரவு போடுகிறவனுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

சந்தைக்கு இதெல்லாம் வேறு மாதிரி புரிகிறது. 2014 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில், 1988ஆம் வருஷத்து ஜட்டி ஓவியங்களில் ஒன்று இரண்டு கோடியே 25 லட்சம் டாலருக்கு மேல் போனது. கலைஞனின் கை, கலைஞனின் முகம், கலைஞனின் அவமானம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள். பணக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐரோப்பாவில் 'சொந்தக் கை' என்பதற்கு விலை வைப்பது புது வழக்கம் இல்லை. மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஒப்பந்தங்களிலேயே, முக்கியமான உருவங்களை ஓவியர் தன் கையாலேயே வரையவேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. 1618இல் ரூபன்ஸ், டட்லி கார்ல்டன் என்ற ஆங்கிலேயத் தூதரோடு ஒரு பண்டமாற்று பேசினார். அவரிடம் இருந்த பழைய சிலைகளுக்குப் பதிலாகத் தன் ஓவியங்கள். அதற்கு அவர் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு ஓவியத்துக்கும் எதிரில் எழுதியிருக்கிறார்: இது முழுக்க என் கை, இது மாணவன் தொடங்கி நான் திருத்தியது, இதில் இந்தப் பகுதி வேறொருவர் வரைந்தது என்று. அந்தக் கடிதத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ரூபன்ஸ் பட்டறை வைத்திருந்தவர், ஆள் வைத்து வேலை வாங்கியவர், அதில் அவருக்கு எந்த வெட்கமும் இல்லை. ஆனால் பட்டியலில் மறைக்கவும் இல்லை. கிப்பன்பெர்கர் மறைத்தாரா? வெர்னரைப் பொறுத்தவரை, தலைப்பிலேயே சொல்லிவிட்டார், 'அன்புள்ள ஓவியரே' என்று. சொன்னது ஓவியரின் தொழிலை, பெயரை இல்லை. அந்த இடைவெளியில்தான் சிக்கல்.

1990ஐ ஒட்டிய காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே பேசியே ஆகவேண்டும். பெயர் 'ஹெவி புர்ஷி'. தன் உதவியாளரான இளம் ஆங்கிலேய ஓவியர் மெர்லின் கார்பெண்டரிடம் தன் பழைய படைப்புகளின் படங்களைக் கொடுத்து, அவற்றைக் கலந்து புதிய ஓவியங்கள் வரையச் சொன்னார். ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அவர் வரைந்து கொடுத்தார். கிப்பன்பெர்கருக்குத் திருப்தி இல்லை. எல்லாவற்றையும் முழு அளவில் போட்டோ எடுக்கவைத்தார். பிறகு ஓவியங்களை உடைத்து நொறுக்கி ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார். போட்டோக்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார், நடுவே குப்பைத் தொட்டியை வைத்தார். அதுதான் படைப்பு.

இதை மேதைமை என்று எழுதியிருப்பதை வாசித்திருக்கிறேன். கருத்தளவில் கச்சிதம்தான், மறுக்கவில்லை. நகல், நகலின் அழிவு, அழிவின் நகல் என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு அந்தத் தொட்டியைப் படத்தில் பார்க்கும்போது வயிறு கலங்கும். இரவும் பகலுமாக ஆறு மாதம் எழுதிய ஒன்று, வேண்டாம் என்று ஒரே மின்னஞ்சலில் ரத்தாவதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ரத்தானதை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை, அதுவரை பரவாயில்லை. கார்பெண்டர் பிற்பாடு தனக்கென்று பெயர் சம்பாதித்த ஓவியர் ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்தத் தொட்டியில் கிடந்தது ஒரு இளைஞனின் கை வேலை.

அதற்கு அடுத்து வருவதுதான் 'கையால் வரைந்த படங்கள்'. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்தத் தலைப்பு வெறும் கிண்டலாக மட்டும் தெரியவில்லை. ஒரு கணக்குத் தீர்க்கும் தொனி இருக்கிறது. அடுத்தவன் கையை உடைத்தாயிற்று, இப்போது என் கை எங்கே என்பது மாதிரி.

1992 ஓவியங்களில் 1988இன் அந்தத் திடம் இல்லை. கார்மோனா உடம்பு பருத்ததுதான், ஆனால் நின்றது. இங்கே உடம்பு கலைந்திருக்கிறது. உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. ஒரு கை கொஞ்சம் பெரிதாக, ஒரு தோள் வேறு எங்கோ, முகம் சிலவற்றில் குழந்தை முகம், சிலவற்றில் அறைவாங்கிய முகம். பின்னணி காலியாக, அவர் எங்கே இருக்கிறார் என்று எந்தக் குறிப்பும் இல்லாமல். வரைந்தவருக்குத் திறமை குறைவு என்று ஒரு பார்வையாளர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. வெர்னர் வரைந்த கோட்டு சூட்டு கிப்பன்பெர்கருக்குப் பக்கத்தில் இதை மாட்டினால், கூலிக்கு வரைந்ததுதான் 'நல்ல' ஓவியமாக இருக்கும். கிப்பன்பெர்கருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியென்றால் கையால் வரைந்தது என்ற முத்திரை எதற்கு உத்தரவாதம்? தரத்துக்கு இல்லை. கைத்தறிக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதன் நேர்த்திக்காக. இங்கே முத்திரை தவறுகளுக்கு ஒட்டப்படுகிறது. இந்தத் தவறுகள் என்னுடையவை, வேறு யாரையும் கைகாட்ட முடியாது என்று சொல்கிற முத்திரை. ஜெர்மன் ஓவிய மரபில் இதற்கு நேர் எதிரான படம் ஒன்று முனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1500இல் டியூரர் வரைந்த தன்னுருவம். 28 வயது, நேர்ப்பார்வை, தோளில் விழும் முடி, கிறிஸ்துவின் சாயல். அதிலும் கை முன்னால் தெரிகிறது, உரோமக் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த விரல்கள். படைப்பவனின் கை கடவுளின் கைக்குப் பக்கத்தில் வருவது என்று அந்தப் படம் சொல்கிறது. 492 வருஷம் கழித்து இன்னொரு ஜெர்மானியர், கையை இப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். யோசப் பாய்ஸ் ஒவ்வொரு மனிதனும் கலைஞன் என்று முழங்கியபோது, கிப்பன்பெர்கர் அதைத் திருப்பிப்போட்டு ஒவ்வொரு கலைஞனும் மனிதன்தான் என்றார். 1992 படங்களில்தான் அந்த வாக்கியத்துக்கு எடை வருகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் அழகான கதை. பெரிய ஆட்டம் எல்லாம் ஆடி முடித்து, கலைஞன் தன்னிடமே திரும்பினான். ஆனால் அதே ஆண்டுகளில் அவர் இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தார். பெர்லினில் கான்ட் தெருவில் 'பாரிஸ் பார்' என்ற உணவகம். கலைஞர்கள் கூடும் இடம், கிப்பன்பெர்கரின் இரண்டாவது வீடு. அதன் சுவர்களில் அவர் ஒரு கண்காட்சி அமைத்தார். பிறகு சுவர் நிறையப் படங்களோடு இருந்த அந்த உள்கூடத்தைப் பெரிய ஓவியமாக வரைய ஒரு சினிமா போஸ்டர் ஓவியருக்கு வேலை கொடுத்தார். அதன்பின், அந்த ஓவியமே மாட்டியிருக்கும் உணவகத்தை இன்னொரு ஓவியமாக வரையவைத்தார். அதாவது 'நானே கையால் வரைந்தது' என்று சீட்டு ஒட்டிய அதே காலத்தில், இன்னொரு பக்கம் கூலிக் கையும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்புதல் என்று ஒன்று நடந்ததா என்ன? நடந்தது, ஆனால் பாலத்தை எரித்துவிட்டுத் திரும்பவில்லை.

பாரிஸ் பாரை வரைந்தவரின் பெயர் கெட்ஸ் வாலியன். ஆஸ்திரியர். முதல் ஓவியம் 2009இல் லண்டன் கிறிஸ்டிஸில் 22 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. கிப்பன்பெர்கர் ஓவியமாக. வாலியன் பின்னாளில் வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் முனிக் நீதிமன்றம், இந்த ஓவியங்களில் வாலியனும் கூட்டாசிரியர் என்று தீர்ப்பளித்தது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னால், ஒளி எங்கே விழுகிறது, கோணம் எப்படி, எதைக் கூர்மையாக்குவது, எதை மங்கவிடுவது என்பதை எல்லாம் வரைகிற கைதான் முடிவு செய்கிறது. அதுவும் படைப்பு என்பதே இதன் சாரம். நான் மேலே சொன்னேனே, சொல்லாமல் விட்ட நூறு இடங்கள். அந்த நூறு இடங்களை ஒரு நீதிமன்றம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

தீர்ப்பைப் படித்து கிப்பன்பெர்கர் ரசிகர்கள் சிலர் எரிச்சலானார்கள். கருத்துக் கலையின் அடிப்படையே போய்விட்டது என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிப்பன்பெர்கர் எழுப்பிய கேள்விக்கு முப்பது வருஷம் கழித்து யாரோ நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யார் வரைந்தது என்பது முக்கியமா என்று அவர் கேட்டார். வரைந்தவருக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அவருடைய 'கையால் வரைந்த படங்கள்' அதே பதிலை 1992இலேயே இன்னொரு பக்கத்திலிருந்து சொல்லிவிட்டன. முக்கியம் இல்லை என்றால் அவர் ஏன் அந்த முத்திரையை ஒட்டினார்?

கை பற்றிப் பேசும்போது ஒரு துணைக்கதை. 2011இல் டார்ட்மண்ட் அருங்காட்சியகத்தில், அதாவது அவர் பிறந்த ஊரிலேயே, ஒரு துப்புரவுப் பணியாளர் அவருடைய சிற்பம் ஒன்றைத் தேய்த்துக் கழுவிவிட்டார். மரச் சட்டங்களால் ஆன கோபுரம், அடியில் ஒரு தொட்டி, தொட்டியில் தண்ணீர் காய்ந்த மாதிரி கறை. கறையை வண்ணத்தால் கிப்பன்பெர்கர் செய்திருந்தார். பணியாளருக்கு அது கறை. தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. எட்டு லட்சம் யூரோ மதிப்புள்ள படைப்பு. எல்லாரும் சிரித்தார்கள். 'மேலிருந்து சொட்டத் தொடங்கும்போது' என்பது அதன் தலைப்பு. அந்தப் பணியாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதைத் தவிர அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

1996இல் கடைசிப் பெரிய வரிசை. ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்'. 1816இல் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் தரைதட்டியது. அதிகாரிகள் படகுகளில் ஏறிக்கொண்டார்கள். ஏறத்தாழ 150 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றி, கயிற்றை அறுத்து விட்டார்கள். 13 நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தது 15 பேர். ஜெரிக்கோ இதை வரைவதற்காகப் பிணவறைக்குப் போனார், பிழைத்தவர்களைச் சந்தித்தார், நண்பர்களைப் படுக்கவைத்து நிற்கவைத்து வரைந்தார். 1819இல் காட்சிக்கு வந்த அந்தப் பிரம்மாண்டம் ஏழு மீட்டர் அகலம்.

கிப்பன்பெர்கர் அந்த வருஷம்தான் புகைப்படக் கலைஞர் எல்ஃபி செமோடனைத் திருமணம் செய்திருந்தார். தெப்பத்தில் இருக்கும் உருவங்களின் நிலைகளை ஒவ்வொன்றாகத் தானே நடித்தார், மனைவி படம் எடுத்தார். குப்புற விழுந்தவன், கை தூக்கி உதவி கேட்பவன், தலையைக் கையில் தாங்கி எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவன். அந்தப் போட்டோக்களிலிருந்து ஓவியங்கள் வரைந்தார். நடிகனாக ஆசைப்பட்டு ஃபிளாரன்ஸ் போனவருக்கு இருபது வருஷம் கழித்து ஒரு நல்ல வேஷம் கிடைத்தது என்றும் சொல்லலாம்.

ஜெரிக்கோவின் தெப்பத்தில் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. இறப்பதும் பிழைப்பதும் ஒரு கூட்டத்துக்குள் நடக்கின்றன. கிப்பன்பெர்கரிடம் ஒவ்வொரு கான்வாஸிலும் ஒருவன்தான். எல்லாக் கான்வாஸிலும் அதே ஒருவன்தான். தெப்பத்தில் வேறு யாரும் இல்லை. தொப்பை, தளர்ந்த தோள், அவசரமாகப் போட்ட வண்ணம், சில இடங்களில் கோடு மட்டுமே. 1988இல் உடம்பைப் பார்த்து ஒரு சிரிப்பாவது மிச்சம் இருந்தது. இங்கே கேலி செய்ய யாரும் முந்தமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால் அவரும் முந்தவில்லை. இவற்றைத்தான் நான் அவருடைய ஆகச் சிறந்த படங்கள் என்பேன், ஏல விலை என்ன சொன்னாலும். அடுத்த வருஷம் மார்ச் 7ஆம் தேதி வியன்னாவில் இறந்துபோனார். ஈரல் புற்றுநோய். வயது 44.

அந்த வரிசையில் ஓவியங்களோடு கல்லச்சுப் படங்களும் உண்டு, ஒரு கம்பளமும் உண்டு. கம்பளத்தில் இருப்பது தெப்பத்தின் வரைபடம். எத்தனை கட்டை, எப்படிப் பிணைத்தது என்று மேலிருந்து பார்க்கும் ஒரு பொறியாளரின் படம் மாதிரி. மனிதர்கள் யாரும் அதில் இல்லை. தரையில் விரித்துப்போட்டால் நாம் அதன்மேல் நிற்கலாம். கம்பளத்தை அவர் நெய்யவில்லை.